முனீஸ்வரர் கோயில் பைன் மரம்

திங்கள், 3
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மீன்காரனும் வரவில்லை.
பேத்தி தர்ஷினி லீவில் வந்திருக்கிறாள். யுனிவர்சிட்டியில் பைன் மரத்துக்கு வரும் காளான் நோயைப் படிக்கிறாள். பாடாங் செராய் பஸ் ஸ்டாண்டிலேயே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.
கோயில் பைன் மரம் உச்சியில் காய்கிறது. அந்தக் காலத்து எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை நட்டது. அடியில் சுற்றியிருக்கும் மஞ்சள் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றாள். யாருக்கும் கை வரவில்லை. நான்தான் விலக்கினேன். உள்ளே கருகிய வெல்லம் மாதிரி பக்கு.

செவ்வாய், 4
முட்டிவலி. தைலம் தீர்ந்துவிட்டது.
பக்கத்தில் வெட்டிப்போட்ட பழைய ரப்பர் மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வேர் வழியாக நோய் வந்திருக்கிறதாம்.
"மரம் சும்மா இருக்காது பாட்டி. காளானோட தோல் துணுக்கு பட்டாலே கண்டுபிடிச்சி பிசின் விடும். நாங்க படிக்கிற காளான் என்னா பண்ணும்னா, குட்டிப் புரதம் ஒண்ண அனுப்பி அந்தத் துணுக்க மூடிடும். காவக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் சாறு விட்டு மரத்தக் கரைச்சித் திங்கும். இதுவும் அப்படித்தான் இருக்கும்."
வேர் செத்துவிட்டது. காற்றடித்தால் விழும் என்கிறாள். அடுத்த வாரம் திருவிழா. பிள்ளைகள் சாப்பிட உட்காருவது அந்த நிழலில்தான்.


வியாழன், 6
கோயில் தலைவர் மணியத்திடம் போனோம். போனில் படம் காட்டினாள். படத்தைப் பார்க்கவில்லை அவர், அவள் ஜீன்ஸைப் பார்த்தார்.
"ஒங்க பேத்தி படிச்சது சரிக்கா. சாமி மரம்லா. பூ போட்டுக் கேட்டுருவோம்."
வெள்ளை வந்தால் வெட்டலாம். சிவப்பு வந்தால் தொடக் கூடாது. பூவை இலையில் மடித்துக் கட்டுவது எப்போதும் நான்.
சிவப்பு வந்தா என்ன பாட்டி என்று வழியில் கேட்டாள். வேலியோர நந்தியாவட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

சனி, 8
பலத்த காற்று. மரம் முனகுகிறது.
சாமி முன்னால் நான் கட்டிவைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை மணியத்தின் பேத்தி கண்ணை மூடி எடுத்தது. வெள்ளை நந்தியாவட்டை. மணியம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
"சாமியே சொல்லிருச்சி."
தர்ஷினி என் தோளில் சாய்ந்து அழுதாள்.
மற்ற பொட்டலம் என் மடியில். பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதிலும் நந்தியாவட்டைதான்.

ஞாயிறு, 9
வெட்டியாச்சு. அடிமரம் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக. சாமி காப்பாற்றியது என்று ஊரே பேசுகிறது. தர்ஷினி ஒரு துண்டை டப்பாவில் எடுத்துக்கொண்டாள்.
சாயங்காலம் விளக்கேற்றும் முறை எனக்கு. முனி இந்த எல்லைக்கே காவல்காரர். திரியை மட்டும் பார்த்து ஏற்றிவிட்டு வந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.