மோட்டாரைத் தூக்க இரண்டு பேர்

இன்று காலை மருமகன் கீழே காருக்கு டயர் மாற்றினார். நான் மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கியை அடியில் தள்ளினார், கைப்பிடியைச் சுற்றினார், கார் எழும்பிவிட்டது. கைப்பேசியில் யாருடனோ பேசிக்கொண்டே வேலையை முடித்துவிட்டார். எனக்கு ஏனோ கோபம் வந்தது. ஒரு வண்டியைத் தூக்குவது இவ்வளவு சுலபமா என்று உங்களிடம்தான் கேட்கத் தோன்றியது. நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆன பிறகும் எனக்குக் கோபம் வந்தால் உங்களைத்தான் தேடுகிறேன்.

நமக்கு அது சுலபமாக இருந்ததே இல்லை. உலு திராமில் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் பொருத்தி, என் சூம்பிய காலுக்குத் தோதாக கியரைக் கைக்கு மாற்றிக் கொடுத்தார். முதல் முறை டயர் பஞ்சரானபோதுதான் விஷயம் புரிந்தது. மோட்டார் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இதைத் தூக்கும் மேசை தன்னிடம் இல்லை, இது கார் மாதிரி, கார்க் கடைக்குப் போ என்றார். கார்க் கடைக்காரர், இது மோட்டார், என் தூக்கியில் நிற்காது என்று சிரித்தார். நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் தொடையில் தட்டிச் சிரித்தீர்கள். "விடு லா. காடிக்காரனும் வேணாங்கறான், மோட்டார்காரனும் வேணாங்கறான். நம்மளே தூக்கிக்கலாம்."

ஜாக்கி வாங்கிப் பார்த்தீர்கள். அடியில் சங்கிலியும் குழாயுமாக இருந்ததால் அதற்கு நிற்க இடமில்லை. இரண்டு முறை வழுக்கி விழுந்தது. அப்புறம் வேலை பார்த்த பாசிர் கூடாங் கிடங்கில் உடைந்துபோன பலகைகளை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்து கட்டைகளாக அறுத்தீர்கள். வீடு கட்டுகிற இடத்தில் யாரோ விட்டுப்போன ஏழடி இரும்புக் குழாய் ஒன்று கிடைத்தது. நம் தூக்கி அவ்வளவுதான். பகல் முழுக்க ஃபோர்க்லிஃப்ட்டில் டன் டன்னாகத் தூக்குகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் குழாயைத் தூக்கிக்கொண்டு அலைகிறாரே என்று நான் கிண்டல் செய்வேன். "அங்க தூக்குறதுக்குச் சம்பளம் தர்றான். இங்க உன் வாயத்தான் தர்ற," என்பீர்கள்.

வண்டியின் சட்டத்துக்கு அடியில் குழாயின் நுனியைக் கொடுத்து, ஒரு கட்டையில் தாங்கி, மறுமுனையில் நீங்கள் அழுத்துவீர்கள். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பும். தரையில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் நான், சட்டத்தின் அடியில் கட்டையைத் தள்ளுவேன். ஒரு முறை அவசரத்தில் "வெச்சாச்சு" என்று சொல்லிவிட்டு விரலை எடுக்க மறந்தேன். நகம் கறுத்துப்போனது. அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை வெச்சாச்சு என்றாலும் நீங்கள் குழாயை விடமாட்டீர்கள். "ரெண்டு கையையும் காட்டு." நான் போலீசில் பிடிபட்டவளைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். அந்தச் சனிக்கிழமை மத்தியானங்களைப் போல நாம் வேறு எந்த நேரத்திலும் சந்தோஷமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. கல்யாண நாளில்கூட இல்லை.

நீங்கள் திடீரென்று போனபோது எல்லோரும் என்னிடம் கேட்டது, இனி எப்படி இருப்பாய் என்று. எனக்குள் இருந்த கேள்வி வேறு. இனி எப்படிப் போவேன்? மாசாயில் டோபி கடைக்குப் போவதும், அங்கே உட்கார்ந்து ஊரார் துணியை மடிப்பதும், வரும் வழியில் மீன் வாங்குவதும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதும் எல்லாம் அந்த மூன்று சக்கரத்தின் மேல்தான் இருந்தது. மகள் ஸ்கூடாய்க்கு வந்துவிடச் சொன்னாள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. வண்டி ஓடுகிற வரை வரமாட்டேன் என்றேன். "ஓடலைன்னா?" என்றாள். "அப்ப பாக்கலாம்," என்றேன்.

இரண்டாவது மாதமே இடது பின்சக்கரத்தில் கறகறவென்று சத்தம். பேரிங் போய்விட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது. நீங்கள்தானே காதைப் பழக்கினீர்கள். புது பேரிங்கை டோபி கடைக்காரம்மா வாங்கி வந்து கொடுத்தார். மாற்றுவது எனக்குத் தெரியும். எழுப்புவதுதான் பிரச்சினை. அழுத்துகிறவளால் கட்டை வைக்க முடியாது, கட்டை வைக்கிறவளால் அழுத்த முடியாது, இரண்டுக்கும் நடுவில் ஏழடி. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரை, நம் பாக்சிக்கை, கூப்பிட்டிருக்கலாம். நல்ல மனுஷர், ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார். கூப்பிடவில்லை. இன்றைக்கு ஒருவரைக் கூப்பிட்டால் நாளைக்கும் கூப்பிட வேண்டும், அப்புறம் அது என் வண்டியாக இருக்காது என்று நினைத்தேன். திமிர்தான். உங்களுக்குத் தெரியாத திமிரா?

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். குழாயின் மறுமுனையில் ஒரு பெரிய வாளியைக் கட்டினேன். தோட்டத்து ரப்பர் குழாயை அதில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பிறகு தவழ்ந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் கட்டையோடு உட்கார்ந்துகொண்டேன். வாளி நிறைய நிறையக் குழாய் மெல்ல இறங்கியது. சட்டம் எழும்பியது. சொன்னால் நம்புவீர்களா, சக்கரம் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் நான் "என்னங்க!" என்று கத்தினேன். ஒரு வாளித் தண்ணீர் போதுமாயிருந்தது. உங்கள் இடத்தில் அது நின்றதைப் பார்த்து அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஏழு மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நொடிதான்.

கட்டையைத் தள்ளுவதற்குள் வண்டி நகர்ந்தது. அந்த மோட்டாருக்குக் கைபிரேக் இடது சக்கரத்துக்கு மட்டும்தான். அந்தச் சக்கரத்தையே தூக்கிவிட்டால் பிரேக் எதைப் பிடிக்கும்? நம் வீட்டு முன்தரை தெருவை நோக்கிச் சரிவு. குழாய் தெறித்தது, வாளி கவிழ்ந்தது. வண்டி எனக்கு முதுகைக் காட்டியபடி, திறந்திருந்த கேட் வழியாகப் போய், தெருவோரக் கால்வாயில் தலைகுப்புற விழுந்தது. எழுந்து ஓடிப் பிடிக்க எனக்கு எது கால்? ஈரத் தரையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாக்சிக் ஓடி வந்தார். முதலில் என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். பிறகு கேட்டின் ஓரத்தில் கிடந்த செங்கல்லைக் காட்டி, மலாயில் கேட்டார்: உன் வீட்டுக்காரர் குழாயைத் தொடுவதற்கு முன்னால் எப்போதும் இதை முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாரே, நீ ஏன் வைக்கவில்லை?

எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் அந்த வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் பார்த்ததே இல்லை. அந்தக் கல் கேட்டுக்கு முட்டு என்று நினைத்திருந்தேன். ஊர்க்கதை அத்தனையும் பேசுவீர்களே, ஏங்க, இதை ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? பாக்சிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பல நாள் உங்கள் மேல் ஆத்திரமாக இருந்தேன். பிறகு புரிந்தது, நீங்கள் மறைக்கவில்லை. எப்போதும் நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று நாம் இரண்டு பேருமே நினைத்திருந்தோம்.

முன்பக்கம் வளைந்துவிட்டது, சட்டத்தில் விரிசல். உலு திராம்காரருக்குப் போன் செய்தால் அவர் கடையை மூடிவிட்டிருந்தார். பழைய இரும்பு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் தூக்கியதை நான் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே மகள் வந்தாள். மருமகன் என்னை முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறினார். மேலே வந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. "பரவால்ல அத்தை, நீங்க கனமே இல்ல," என்றார். நல்ல பையன். அதற்குப் பிறகு மருத்துவமனைக்கு இரண்டு முறைதான் கீழே இறங்கியிருக்கிறேன். "எங்கயாச்சும் போணுமாம்மா? சொல்லுங்க, தூக்கிட்டுப் போறோம்," என்று மகள் கேட்கிறாள். எங்கேயும் வேண்டாம் என்கிறேன். தூக்கிக்கொண்டு போகிற இடம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது என் வலது கை முறுக்கிக்கொண்டே இருந்ததாம். மகள் பயந்துபோய் எழுப்பிவிட்டாள். "அப்பா கனவுல வந்தாராம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கனவில் நீங்கள் இல்லை. நான் மட்டும் நம் மோட்டாரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன்.