கையெழுத்துப் போட்ட பத்து டாலர்

மாமா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று மாதம் ஆன உங்களிடம் இப்படிக் கேட்பது எனக்கே வேடிக்கைதான். ஆனாலும் பயமாக இருக்கிறது.

எல்லாரும் தூங்கியபின் என் பூகோளப் புத்தகத்திலிருந்து உங்கள் பத்து டாலரை எடுத்தேன். இன்னும் உங்கள் சட்டைப்பை அத்தர் மணக்கிறது.

வளைகுடாவில் பிழைக்க வந்த இடத்தில், குதைபியாத் தெருவிலுள்ள நம் கடைக்கு வழக்கமாக வரும் அமெரிக்கக் கிழவர் ஊர் திரும்பும்போது அதை உங்களுக்கு விற்றார். இப்போதைய டாலரைவிடப் பெரியது. சின்ன ஊர் ஒன்றின் வங்கி தன் பெயரிலேயே வெளியிட்ட பழைய நோட்டு. கல்லாவில் நின்ற வாப்பா அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"கள்ள நோட்டு மச்சான். பேனாவுல கிறுக்குன டாலரை எந்த எக்ஸ்சேஞ்சுல வாங்குவான்?"

"கிறுக்கல் இல்ல மச்சான், பேங்க் தலைவரு கையெழுத்து."

"ஒவ்வொரு நோட்டா உக்காந்து போட்டாராக்கும்?"

"சின்ன ஊரு பேங்க். அவருக்கு வேற என்ன வேல?"

கடையே சிரித்தது. அதன்பிறகு உங்களை எல்லாரும் 'டாலர் மாமா' என்றார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் நோட்டை மறுபடி யாருக்கும் காட்டவில்லை, என்னைத் தவிர. "தொகையப் பாக்காதே, எந்த ஊருன்னு பாரு. ஊருலதான் மதிப்பு" என்றீர்கள்.

நீங்கள் போனபின் உங்கள் பெட்டியைத் திறந்த வாப்பா பதறிவிட்டார். "போலீஸ் கேஸ் ஆயிரும். விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போனா விசாவே கேன்சல். கிழிச்சு டாய்லெட்டுல போடு" என்று என்னிடம் தந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் தண்ணீரை இழுத்துவிட்டேன். வாப்பாவிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

பள்ளிக் கணினி அறையில் அதை ஸ்கேன் செய்து, பழைய நோட்டுகளை மதிப்பிடும் ஓர் அமெரிக்கருக்கு அனுப்பினேன். இன்று பதில் வந்தது. அசல் நோட்டாம், மாமா. அந்த ஊர் வங்கியின் பத்து டாலர் இதுவரை இரண்டுதான் அவர் பட்டியலில் இருந்ததாம், இது மூன்றாவது. கையெழுத்து மை மங்காமல் இருப்பதால் மதிப்பு இன்னும் கூடுதலாம். கழுவாதே, இஸ்திரி போடாதே, லேமினேட் செய்யாதே என்று மூன்று முறை எழுதியிருக்கிறார். அவர் சொன்ன விலை நம் கடையின் ஓராண்டு வாடகையைவிட அதிகம்.

நீங்கள் ஏமாறவில்லை. கடை முழுக்கச் சிரித்தபோது, அங்கே நோட்டைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இப்போது நானும் எந்த நோட்டைக் கண்டாலும் தொகைக்கு முன் ஊரைத் தேடுகிறேன்.

இதை வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பொய்யையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்.

கதவு தட்டுகிறது. "இன்னும் என்ன லைட்டு?" வாப்பாதான். நோட்டைப் புத்தகத்துக்குள் மறைக்கப்போவதில்லை மாமா. அது மேசைமேல்தான் இருக்கிறது. நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.