லேசான வலி

அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டி எப்படி இருக்கிறது? "லேசா வலிக்குது, அவ்வளவுதான்" என்று மட்டும் பதில் போடாதே.

ஆஸ்பத்திரியில் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த நர்ஸ்களுக்கு இப்போது ஆங்கில வகுப்பு நடக்கிறது. தேறாவிட்டால் வார்டுக்குள் விடமாட்டார்களாம். புத்தகத்தில் வலிக்கு மட்டுமே இரண்டு பக்கம் வார்த்தைகள். மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ எல்லாம் நம் வீட்டில் கேட்டவைதான். "த்ராபிங்" என்றால் தம்பிக்குக் காது விண்விண்ணென்று தெறித்ததே, அது. "எக்ஸ்க்ரூசியேட்டிங்" என்றால் உயிர் போகிற வலி. பல்வலிக்கு அப்பா ஊரைக் கூட்டியதை நினைத்துக்கொண்டேன், உடனே மனதில் பதிந்துவிட்டது.

நேற்று "ஸ்டோயிக்" என்று ஒரு வார்த்தை வந்தது. வலியை வெளியே காட்டிக்கொள்ளாதவர் என்று அர்த்தம். உதாரணம் கேட்டதும், "எங்கம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவங்க வாய் சொல்றதை நம்பாதீங்க. முகத்தைப் பாருங்க" என்றார்.

கடிதத்தில் உன் முகம் எங்கே தெரிகிறது? தம்பியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் வா.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. உன் பழைய நூல்சேலை ஒன்று அனுப்பு, துவைக்க வேண்டாம். போன வாரம் படியில் சறுக்கி இடது கையில் மாவுக்கட்டு. தாங்கிக் கட்ட இங்கே கொடுத்த பட்டை கழுத்தை அறுக்கிறது.

பயப்படாதே. லேசாகத்தான் வலிக்கிறது.

உன் பெரியவள்