கறை தெரியாத துணி

என் வெட்கம் பிடித்த செல்விக்கு,

நீ செத்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது, உன்னைச் சும்மா விட இன்னும் மனசில்லை எனக்கு. நீ எட்டாவது படித்தவள், நான் அஞ்சாவதோடு நின்றவள். நான் என்ன எழுதினாலும் தப்பு கண்டுபிடித்துச் சிரிப்பாய். இப்போது சிரி பார்க்கலாம்.

உன் மகள் கமலிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உன் மூக்கேதான், பாவம் அந்தக் குழந்தை. திருவந்திபுரத்தில் வேண்டிக்கொண்டு, கோயில் தாயார் பேரையே செங்கமலம் என்று கமலிக்கு வைத்தாயே, அதை வாயாரக் கூப்பிட உனக்குப் பதினொரு நாள்தான் கிடைத்தது. மிச்சமெல்லாம் நான் கூப்பிட்டது. என்னைப் பெரியம்மா என்கிறாள். உன் புருஷன், அதுதான் என் கொழுந்தன், அடுத்த ஆவணியிலேயே மறுபடி மாப்பிள்ளை ஆனது உனக்குத் தெரியுமா? இப்போது தலையில் ஒரு முடி இல்லை. உனக்காக நான் சாமியிடம் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான், பலித்துவிட்டது.

பிரசவம் சிதம்பரத்தில். கமலி மாப்பிள்ளைக்கு அங்கே வேலை, ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். செம்மண்டலத்தில் தையல் மெஷினை மூடிப் போட்டுவிட்டு நான் போய் உட்கார்ந்தேன். கமலி முன்பே போனில் சொல்லியிருந்தாள். கடைப் பேட் அவளுக்கு அரிப்பெடுக்கும், பிள்ளை பெற்ற பிறகு போகிற ரத்தத்துக்குத் துவைத்துத் துவைத்து வைத்துக்கொள்கிற துணிப் பேட் ஒரு டஜன் தைத்து வா, வெள்ளைப் பருத்தியில் என்று.

நான் மெரூனில் தைத்தேன். வெளியே மெரூன் பருத்தி, உள்ளே நாலு மடிப்பு டவல் துணி, இரண்டு பக்கமும் இறக்கை, டிச் பட்டன். அழகாகத்தான் இருந்தது. வெள்ளை கேட்டேனே என்று சிணுங்கினாள். "வெள்ளையில கறை போவாதுடி. மாடியில காயப்போட்டா கீழ் வீட்டுக்காரி வந்து எண்ணுவா" என்றேன்.

என் புத்தி எங்கே போனது, செல்வி? இதே மெரூனை ஒரு முறை பார்த்தவள்தானே நான்?

உனக்குப் போய்ப் படுக்க அம்மா வீடு இல்லை. பிள்ளை பெற்று நேராக நம் வீட்டுக்கே வந்தாய். உன் புருஷனின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு, அலசி, வாசல் கயிற்றில் போட்டாய். வெள்ளையில் பழுப்புப் பழுப்பாகக் கறை. நாலாம் நாள் குழந்தை பார்க்க ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தக் கயிற்றைக் காட்டி, "என்னாடி செல்வி, வாசல்ல தோரணம் கட்டிட்ட? யாரு வீட்டுக் கல்யாணம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், காது மட்டும் சிவந்துபோனது.

மறுநாள் கயிற்றில் உன் துணி ஒன்றுமில்லை. என்னிடம் வந்து, "அக்கா, கறை தெரியாத பொடவை ஏதாவது இருந்தா குடேன்" என்றாய். என் மெரூன் புடவையை நானே கிழித்துக் கொடுத்தேன், தாராளமாக. அதைப் பாத்ரூமில் ஈரத் துண்டுக்கு அடியில் ஒளித்து உலர்த்தினாய். எவ்வளவு போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நீயும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பேன்.

பதினோராம் நாள் அந்தப் பாத்ரூமிலேயே விழுந்து கிடந்தாய். ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டது ஒரே கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைந்தது என்று. வீட்டிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கமலிக்கு ஒன்பதாம் நாள். கொஞ்சம்தான் போகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மெரூன் துணி காய்ந்தாலும் மெரூன், நனைந்தாலும் மெரூன். பதினொரு மணிவாக்கில், காலையிலிருந்து சேர்ந்ததை அலசலாம் என்று பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் விட்டேன். கொட்டினேன், மறுபடி விட்டேன். மூன்றாவது தண்ணீரும் அதே சிவப்பு. ஒரு பேடைத் தூக்கினால் ஈரச் சாக்கு மாதிரி கனக்கிறது. அடியில் கட்டி கட்டியாகக் கிடந்தது.

"எத்தினி நேரத்துக்கு ஒன்னுடி மாத்துற?"

"அத யாரு பெரியம்மா பாத்துக்கினு இருக்கா."

அவள் உதடு வெளுத்திருந்தது. உன் உதடு அப்போது எப்படி இருந்தது? பார்த்த ஞாபகமே இல்லை எனக்கு.

கமலியைக் கூட்டிக்கொண்டு பக்கெட்டோடு ஆட்டோவில் ஏறினேன். பக்கெட்டை இறக்கச் சொன்ன ஆட்டோக்காரரிடம், அவரை இறக்கிவிட்டு நானே ஓட்டுவேன் என்றேன். இங்கே ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டாள். பக்கெட்டை அவள் காலடியில் வைத்தேன். "காலையில ஆறு மணியிலேந்து ஆறு. ஏழாவது அவ வச்சிருக்கா." நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டதாம். எடுத்தார்கள், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். உனக்கும் அதுதானா? இனி யாரைக் கேட்பது?

ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தோரணத்தையும் சொன்னேன். சிரிப்பு வருகிற மாதிரிதான் சொல்ல வந்தது, வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"உன் வாய்க்கு பயந்தா எங்கம்மா செத்தாங்க?"

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அப்புறம் அவள், "வெள்ளத் துணியில தச்சி எடுத்துக்கினு வா. இன்னிக்கே" என்றாள்.

மாப்பிள்ளையின் புது வேட்டியைக் கிழித்துக் கையாலேயே தைத்தேன். வீடு திரும்பிய மறுநாள் பன்னிரண்டையும் மாடியில் நல்ல வெயிலில் போட்டேன். கீழ் வீட்டுக்காரம்மா படியேறி வந்து, தெருவுக்குத் தெரிகிறதே, உள்ளே போடக்கூடாதா என்று இழுத்தார். நான் பதில் யோசிப்பதற்குள் கமலி குழந்தையோடு கதவோரம் வந்து நின்றாள். "பெரியம்மா, யாரு வீட்டுக் கல்யாணம்னு கேளேன்."

கீழ் வீட்டுக்காரம்மா ஒன்றும் புரியாமல் சிரித்தார். பின்னால் நின்ற மாப்பிள்ளையும் சிரித்தார். கமலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை காது சிவந்தது எனக்கு.

தினமும் கேட்கிறாள், செல்வி. துணி காயப்போடும்போதெல்லாம் கேட்கிறாள். உன்னைப் போல ஒளிந்துகொள்கிறவள் இல்லை. நான் வளர்த்தவள், குறி தப்பாது.

வாயை மூடிக்கொள்கிறேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன், நீ நம்பவும் மாட்டாய். ஆனால் அவள் துணி ஒவ்வொன்றையும் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிற பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இனி துணிப் பேட் வெள்ளையில்தான் தைத்துக் கொடுப்பேன். கமலி கேட்கிறபோதெல்லாம் எங்கேயும் போகாமல் நின்று கேட்டுக்கொள்வேன். அவள் கேட்காமல் விடுகிற நாள் ஒன்று வந்தால், முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

மெரூன் புடவையைக் கிழித்துக் கொடுத்த
உன் ஓரகத்தி அக்கா