பார்சல் என்று நான் வைத்த பேர்

9 ஜூன், திங்கள்

வத்தக்குழம்பு சீக்கிரமே காலி. அடுப்படியில் என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வத்தின் முகத்தில் கல்யாண மாப்பிள்ளை களை. எங்கள் மெஸ்ஸுக்கு மேல்மாடியில் மருந்து கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தருகிற ஆபீஸ் இருக்கிறதே, அந்தப் பசங்கள் கடைசியில் வந்தார்கள். கூட ஆல்வின். கடப்பாக்கத்துப் பையன், இன்னும் டிரெயினிதான். இந்த மாசம் முடிந்தால் நிரந்தரம் ஆக்குவார்களாம்.

“உன் வேலதான் இன்னாடா?” என்று வாயைப் பிடுங்கினேன்.

“ரெண்டு அணு கிட்ட வந்தா இழுக்கும், ரொம்பக் கிட்ட வந்தா தள்ளும்க்கா. எவ்ளோன்னு ஒவ்வொரு வாட்டியும் கணக்குப் போட்டா நாளு பத்தாது. முன்னாடியே போட்டு அட்டவணையா வெச்சிகீறாங்க. தூரத்தச் சொன்னா பாத்துச் சொல்லும்.”

“நம்ம வெலப் பலகை மாதிரி.”

“அதேதான். ஆனா அது வேற பாஷைல கீது. நாங்க எழுதுறது பைதான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை. இங்கருந்து கூப்ட்டா அது வர்றா மாதிரி நான் மேல ஒரு உறை எழுதிகினு கீறேன்.”

“அப்ப சமைச்சது வேற ஆளு. நீ பார்சல் கட்றவன்!”

இலை பறக்கச் சிரித்தார்கள். அவனுடைய சீனியர் ஹேமந்த், “பார்சல், மோரு இந்தாண்ட தள்ளு” என்றான். ஆல்வினும் சிரித்தான். சும்மா கட்டுவது இல்லையாம். அட்டவணையில் இல்லாத தூரத்தைக் கேட்டால் அது சத்தமில்லாமல் சைபர் கொடுத்துவிடுமாம், இவன் நடுவில் நின்று பிடிக்க வேண்டுமாம். யார் காதில் விழுந்தது? இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

12 ஜூன், வியாழன்

எல்லோரும் பார்சல் என்றே கூப்பிடுகிறார்கள். நான் வைத்த பேர் ஒன்று கூட வீண் போனதில்லை.

19 ஜூன், வியாழன்

ஆபீஸ் பெரியவர் தாமோதரன் சாரே சாப்பிட வந்தார். வாய் சும்மா இருக்குமா? “இன்னா சார், யாரோ சமைச்சத இவன் பார்சல் கட்றானாமே, அதுக்கெல்லாம் சம்பளமா?” என்றேன். சாருக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. ஆல்வின் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரசம் வேண்டாம் என்றான். ரசம் வேண்டாம் என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

30 ஜூன், திங்கள்

ஆல்வின் வரவில்லை. ஹேமந்த் மட்டும் வந்தான். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. நிரந்தரம் ஆக்கவில்லையாம், இன்றோடு நிறுத்திவிட்டார்களாம்.

“எல்லாரு முன்னாடியும் சார் கேட்டாரு. ‘நீ சொந்தமா இன்னா செஞ்ச? அம்சாக்கா சொன்ன மாதிரி பார்சல்தான கட்ன’ன்னு.”

“நீ இன்னாடா பண்ண?”

“சிரிச்சேன்க்கா. எல்லாரும் சிரிச்சாங்க.”

என் பேரைச் சொல்லியா… என் பேரைச் சொல்லியா கேட்டார்?

1 ஜூலை, செவ்வாய்

வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “ஒன் வாயி.” திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

3 ஜூலை, வியாழன்

மாடி ஏறினேன். இத்தனை வருஷத்தில் டீ கொடுக்கக்கூட ஏறியதில்லை. “சார், நான் வெளாட்டுக்குச் சொன்னது. அதப் போயி…”

“சேச்சே, அதுக்காக இல்லம்மா. ஒருத்தரக் குறைக்கணும்னு ஏற்கனவே பேச்சு. யாருன்னு யோசிக்கும்போது…” என்று நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோசிக்கும்போது? யோசிக்கும்போது இன்னா சார்? கேட்க வாய் வரல. எனக்கு. வாய் வரல.

10 ஜூலை, வியாழன்

இன்றைக்கு யாரையும் ஓட்டவில்லை. “அக்காவுக்குப் பல்வலியா?” என்று கேட்டார்கள்.

13 ஜூலை, ஞாயிறு

கடைக்கு லீவு விட்டுக் கடப்பாக்கம் போனேன். பஸ்ஸில் போகும்போதே பேசிப் பார்த்துக்கொண்டேன். தம்பி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தம்பி, என்னை ரெண்டு அடி அடிச்சுடு.

ஆல்வின் இல்லை. மறைமலைநகரில் ஏதோ கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருந்தான். அவன் அம்மாதான் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். “அம்சாக்காவா! ஒங்க சாப்பாட்டுலதான் புள்ள ஒடம்பு தேறிச்சு. இன்னா, அந்த வேல முடிஞ்சிபோச்சாம். அவங்களுக்கு இதுக்கு மேல ஆளு வேணாமாம்.”

அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். என் பேர் வீட்டுக்குப் போகவில்லை.

உட்கார வைத்துக் காரப்பொடி மீன் குழம்பு ஊற்றினார். மறுசோறும் போட்டார். பஸ்ஸில் பேசிப் பார்த்ததில் ஒரு வார்த்தை கூட வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டு வந்தேன்.

4 ஆகஸ்ட், திங்கள்

ஹேமந்த் சொன்னான். தினமும் ஆல்வின் எழுதினதை வைத்துத்தான் கணக்கே ஓடுகிறதாம். “இன்னிக்கு அதுதான் கத்துச்சுக்கா, தூரம் அட்டவணைக்கு வெளியே போச்சுன்னு. இல்லாட்டி சைபரு வந்திருக்கும். நாங்களும் அத நம்பி மருந்து கம்பெனிக்கு அனுப்பியிருப்போம்.”

சார் அதை வந்து பார்த்தாராம். அப்புறம் ஆல்வினுக்குப் போன் போட்டாராம்.

கற்பூரம் ஏற்றினேன். எந்தச் சாமிக்கு என்று எனக்கே தெரியாது.

22 ஆகஸ்ட், வெள்ளி

சாயந்திரம் மறைமலைநகர் கம்பெனி பஸ் எதிரே நின்றது. ஆல்வின் இறங்கினான். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. காரின் பிரேக் பெட்டிக்கு மூடி மாட்டுகிற லைனில் வேலையாம்.

“சார் போன் பண்ணாராமேடா?”

“பண்ணாருக்கா. வான்னாரு.”

“போயேண்டா.”

“அந்தப் பேரோடவா?” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான்.

நான் அடுப்பைப் பார்த்தேன். தம்பி என்று தொடங்கினேன். பஸ்ஸில் பேசிப் பார்த்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. “தப்புடா” என்றேன். அவ்வளவுதான் வந்தது. தலையை ஆட்டினான். சரி என்றா, தெரியும் என்றா, தெரியவில்லை.

அடுப்பை ஒட்டி அவன் எப்போதும் உட்காருகிற நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. உட்காரச் சொன்னேன். பஸ் நிற்கிறது என்றான். “நாலு இட்லி. வூட்டுக்கு எடுத்துனு போறேன், கட்டிக் குடுங்க.”

இலையைத் துடைத்து, சட்னியைத் தனியாக முடிச்சுப் போட்டு, சாம்பார் சிந்தாமல் இரண்டு கவர் போட்டுக் கட்டினேன்.

எல்லோரும் பார்சல் என்றுதான் கேட்பார்கள். அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.