மயிலிறகு வைத்த பக்கம்

3-8-53, திங்கள்
புழுக்கம். துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூள். புத்தக பீரோ இரண்டும் துடைத்தேன். கீழ்த்தட்டில் பாச்சை உருண்டை போடக் குனிந்தபோது வேட்டி ஆணியில் மாட்டி, பின்பக்கம் ஒரு முழம் கிழிசல். ஐந்தாம் வகுப்புப் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். மிச்ச நேரமெல்லாம் சுவரோடு சுவராக நடமாட்டம். பள்ளிக்கூடத்து லைப்ரரியன் என்று பெயர், எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு தரம் தவறியவன். பாதி நாள் கிளார்க்கு வேலையும் நான்தான்.

சாப்பாட்டு மணியில் வழக்கம்போல் நாலு பேர். வகுப்பில் மக்கு என்று ஒதுக்கிய பிள்ளைகள். நான் வாசிக்க, அவர்கள் கேட்க. ஒருத்தனுக்கு உட்காரவே வராது. நடந்துகொண்டே கேட்கட்டும். நாலில் ஒன்று என் மகள் தனம், நாலாம் வகுப்பு. "எழுத்தெல்லாம் நெளியுது நைனா" என்கிறாள். ஆனால் இரண்டு தரம் கேட்டால் கதை முழுக்க மனப்பாடம். புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பாள்.

4-8, செவ்வாய்
வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். "வாசிக்கத் தெரியாததுங்க பேரை இந்தத் தரம் எடுத்துடுவேன். உன் பொண்ணுன்னு பார்க்க முடியாதுப்பா."

ஒரு யோசனை. வாத்தியார் மயிலிறகு வைத்துக் கொடுக்கும் பக்கத்தைத்தான் இன்ஸ்பெக்டர் வாசிக்கச் சொல்வார். வருஷா வருஷம் அப்படித்தான். இந்தத் தரம் கலங்கரை விளக்கப் பாடம். தனத்துக்குக் காது வழியாகவே ஏற்றிவிட்டால்?

6-8, வியாழன்
வாங்க: மண்ணெண்ணெய், தனத்துக்கு ரிப்பன், வேட்டி தைக்க நூல்.

பாடம் முழுக்க வந்துவிட்டது. எங்கே மூச்சு விடுவது, எங்கே விரலை நகர்த்துவது, எல்லாம். என் சம்சாரம் சரசா அடுப்படியிலிருந்து: "இன்னாய்யா, புள்ளைக்குப் படிப்பு சொல்லித் தர்றியா, நாடகம் சொல்லித் தர்றியா?"
"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். பெரிய மேதாவி.

7-8, வெள்ளி
புது இன்ஸ்பெக்டர். மயிலிறகை எடுத்து மேஜைமேல் வைத்தார். தாமாக வேறு பக்கம் திருப்பினார். பசுமாட்டுப் படம். "வாசிம்மா."

தனம் கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்தாள். பிறகு விரலை மாட்டுக்கடியில் வைத்து, கணீரென்று கலங்கரை விளக்கம். கப்பல், பாறை, வெளிச்சம், ஒன்று விடாமல். வகுப்பே சிரித்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "யார் வீட்டுப் பிள்ளை?"
ஹெட்மாஸ்டர் என் பக்கம் ஒரு பார்வை. "குப்பத்துப் பொண்ணு சார். அப்பன் கடலுக்குப் போறவன். வீட்ல படிச்சவங்க யாரும் இல்ல."

இன்ஸ்பெக்டருக்குச் சோடாத் தட்டோடு நான் வாசற்படியில். தனம் என்னைப் பார்த்தாள். நான் சோடாவைப் பார்த்தேன்.

சாயங்காலம் தனத்தின் பெயர் நீக்கம். ரிஜிஸ்தரில் கோடு போட்டது என் கை. ஸ்கேல் வைத்து, நேராக.

8-8, சனி
தூறல். தனம் இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. கப்பல் படம் போட்ட புத்தகம் ஒன்று கொண்டுவந்தேன். தொடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் சரசாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். சரசா கேட்டாள்: "யார் வூட்டுப் புள்ளைன்னு அந்தாளு கேட்டப்போ நீ எங்கேய்யா இருந்தே?"

நான் வாயைத் திறக்குமுன் தனம், சுவரைப் பார்த்தபடி: "நைனா அங்க இல்லம்மா. பீரோ ரூம்ல இருந்துச்சு."

சரசா சரி என்று உலை வைக்கப் போய்விட்டாள்.

அங்கேதான் இருந்தேன், தனத்துக்கு மூன்றடியில். சொல்லவில்லை.