காந்தக்கல்லுக்குப் பணியாத குருதியும் வாயுவும்

வாரைக்குன்ற நாட்டின் அதிபனும், மலைக்கணவாய்களின் காவலனும், எம் உடன்பிறந்த இளவலுமாகிய கோவன் செழுவில்லிக்கு, தென்மருதிப் பேரரசி அணிமலர்த் தேவி எழுதுவித்த ஓலை. உன் குடிகள் நலமே வாழ்க. உன் குன்றுகளில் மழை தவறாதிருக்க.

நீ அன்புடன் அனுப்பிய காந்தக்கல் வந்து சேர்ந்தது. எல்லைப் போரில் எம் கணவர் மாறவேளின் தொடையில் ஒடிந்து தங்கிய அம்புமுனையை, அரண்மனை மருத்துவர் சாத்தனங்கை அக்கல்லைக் காட்டியே வெளியே இழுத்தார். அதற்கு எம் நன்றி உரியது. அதன்பின் நேர்ந்தவற்றுக்கு உரியதன்று.

புண் பழுத்துக் காய்ச்சல் கண்டபோது மன்னர் கசாயத்தை மறுத்தார். குருதியில் கலந்த நஞ்சையும் வயிற்றில் திரண்ட வாயுவையும் கல்லே இழுத்துவிடும் என்றும், உன் தூதுவன் அவ்வாறே உரைத்தான் என்றும் அறிவித்தார். கல்லைத் தொப்புள்மேல் வைத்துப் படுத்தவர், அமைச்சர் வந்தபோதும் எழவில்லை. காய்ச்சல் ஏறிற்று. அரசி கெஞ்சுவது முறையன்று, எனினும் கெஞ்சினோம்.

அப்போது சாத்தனங்கை படுக்கையறையில் உலை மூட்ட அனுமதி கேட்டார், தந்தோம். திரைச்சீலை ஒன்று எரிந்தது. குளிர்ந்த ஆணியைக் கல் இழுத்தது. அதே ஆணி செந்தழலாய்ச் சிவந்ததும் கல் அதைப் பொருட்படுத்தவில்லை. உலோகம் உருக்கும் மண்கலமாகிய மூசையில் உருகி நீர்போல் ஆனபின்னும் அவ்வாறே. ஆட்டுக்குருதி நிறைந்த கிண்ணமும் காற்றடைத்த தோற்பையும் கல்லருகே அசையாதிருந்தன.

திண்ணிய இரும்பில் நுண்துகள்கள் ஒருமுகமாய் அணிவகுப்பதால் கல்லின் அழைப்புக்கு ஒன்றாய் எழுகின்றன என்றும், வெம்மை மிகுந்தால் அவ்வணி குலைகிறது என்றும், குருதி போன்ற நீர்மத்தில் அவை நெருங்கி நின்றும் ஆளுக்கொரு திசை நோக்கும், காற்றிலோ தொலைவாய்ச் சிதறி அலையும், ஆகவே அங்கெல்லாம் கல்லின் பிடி கண்ணுக்குப் புலப்படாத அளவே என்றும் மருத்துவர் விளக்கினார்.

மன்னர் மூசையை எட்டிப் பார்த்தார். பின்பு, "அணி குலைந்த படையை யான் கண்டிருக்கிறேன், எவ்வளவு கொம்பு ஊதினாலும் திரும்பாது. கசாயத்தைக் கொடு" என்றார். எம் கையாலேயே கொடுத்தோம்.

காய்ச்சல் தணிந்தது. வாயுவோ, எக்கல்லும் அழையாமல், அயல்நாட்டுத் தூதுவர் நிறைந்த அவையில் தானே வெளிப்பட்டது. தூதுவர்கள் விதானத்தின் வேலைப்பாட்டைப் புகழ்ந்தனர்.

ஆதலால் ஆணையிடுகிறோம். கல்லை இத்துடன் திருப்புகிறோம்; உன் தூதுவன் அதைச் சுமந்து நடந்தே வருவான். இனி எப்பொருளை அனுப்பினும், அதனால் ஆகாதது யாது என்பதையும் எழுதி அனுப்புக.

நாரை முத்திரை பொறித்து ஒப்பமிட்டோம். ஓர் அரசனுக்கு அயல்நாட்டு அரசி ஆணையிடல் ஆகாது என்று உன் அமைச்சர் உரைப்பர். இது அக்காள் இட்ட ஆணை.